ஹலோக்காரரின் மைக்

தெருவில் அவரை ஹலோக்காரர் என்றுதான் சொல்வார்கள். கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது தொழில். மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொன்னதில் பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிலில் அவருக்கு ஒரே விதி. மைக்கைச் சொருகும் முன் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட வேண்டும், சொருகிய பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஊளையிட்டுக் காதைக் கிழித்துவிடும். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் இருந்ததே ஒரு குமிழ்தான். அதை ஏற்றினால் எல்லாம் ஏறும்.

வாலிபத்தில் தம்பியும் கூடவே வேலை பார்த்தான். அண்ணன் மேடையில் ஹலோ சொல்ல, தம்பி மைதானத்தின் கடைசியில் நின்று, கேட்டால் கையைத் தூக்குவான். அப்புறம் கடல் தாண்டிப் போனான். இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுப்போய்க் கிடக்கிறான்.

காலையில் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, கொஞ்ச நேரத்துல மயக்கம் குடுத்து மூச்சுக்குழாய் வைக்கப்போறாங்க. அப்புறம் முழிப்பாரான்னு தெரியாதுங்கறாங்க. வார்டுக்குள்ள போன் விடமாட்டாங்க, ஆஸ்பத்திரி டேப்லட்ல வீடியோ கால் மட்டும்தான். அண்ணன் குரலைக் கேக்கணும்னு அப்பா அதையே சொல்லிட்டிருக்காரு."

அவரிடம் இருந்தது பட்டன் போன். வீட்டில் விழாப் பாட்டுகள் போடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. கேமராவும் மைக் வைத்த ஒரு ஹெட்செட்டும் வாங்கிவந்து, சத்த அமைப்பைத் திறந்து, ஸ்பீக்கருக்கு ஒன்றும் மைக்குக்கு ஒன்றுமாக இருந்த இரண்டு சத்தக் கோடுகளையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுச் சொருகினார். அழைப்பு வந்ததும் திரையின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் ஒலியை ஏற்றினார். தம்பி தெரிந்தான், எலும்பும் தோலுமாக.

"டேய் சின்னவனே, அண்ணன்டா!"

"பெரியப்பா, வாய் அசையுது, சத்தமே வரல. மைக்கைப் பாருங்க!"

பார்த்தார். மைக் அனுமதியைப் பார்த்தார், வயரைப் பிடுங்கி ஊதினார், ஊதி மறுபடி சொருகினார். ஒவ்வொரு தடவையும் சொருகுமுன் கோடுகளை இறக்க மட்டும் மறக்கவில்லை. ஏற்றியதெல்லாம் மூலையில் இருந்த ஒன்றைத்தான். அங்கே பேசுவது இவருக்குக் கணீரென்று கேட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான், வேறென்ன! ஊரார் குரலையெல்லாம் எட்டுத் தெருவுக்குக் கேட்கவைத்த மனுஷனுக்குத் தன் குரலைத் தம்பியின் காதுக்குக் கொண்டுபோக வழியில்லை.

"நான் இருக்கேன்டா, பயப்படாதே! கேட்டா கையைத் தூக்குடா!" தொண்டை கிழியக் கத்தினார்.

தம்பி திரையையே பார்த்தான். கை போர்வை மேலேயே கிடந்தது.

"அண்ணன் ஏன் பேசமாட்டேங்கறாரு?" என்று மகளைக் கேட்டான்.

"மைக் சரியில்லப்பா. இப்ப பேசுவாரு."

நர்ஸ் வந்து டேப்லட்டை வாங்கிக்கொண்டாள். திரை கறுத்தது.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "பாழாய்ப்போன பெட்டி!" என்று மேசையைக் குத்தினார். பின்னால் நின்ற மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, மைக்னு போட்டிருக்கிற கோடு எதுக்குப் பூஜ்யத்துல நிக்குது?"

"நான்தான் வச்சேன். சொருகுறதுக்கு முன்னாடி வைக்கணும்ல..."

பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அந்தக் கோட்டை மனைவியே மேலே இழுத்துவிட்டாள். அவர் மூச்சு விட்டதற்கே திரையில் அதன் பக்கத்தில் பச்சைக் கட்டங்கள் குதித்தன. பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். தம்பி முழித்துக்கொள்வான், முழித்ததும் முதல் வேலையாகப் பேசிவிடலாம் என்று மனைவி சொன்னாள். அதை நம்பி இருவரும் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் அழைப்பு வந்தது. தம்பி மகள் மட்டும் தெரிந்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஹலோ, ஹலோ! சின்னவன் முழிச்சுட்டானாம்மா? அவன்கிட்ட குடு!"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"இப்ப நல்லா கேக்குது பெரியப்பா."

அவர் அழுத சத்தம் ஒரு குறையும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தது.