இரண்டாவது ஓட்டை

மொட்டைமாடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததுமே தெரிந்துவிட்டது, சித்தப்பா கம்பியைக் காய்ச்சிவிட்டார். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய மேதை அவர். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அந்த சென்டர் முழுக்க இதே நாற்றம்தான். 720 கேபி ஃபிளாப்பியின் மூலையில் ஒரு ஓட்டை இருக்கும்; 1.44 எம்பி ஃபிளாப்பிக்கு இரண்டு. அந்த இரண்டாவது ஓட்டையைப் பார்த்துத்தான் டிரைவ் கொள்ளளவை முடிவுசெய்யும். சித்தப்பா மலிவு ஃபிளாப்பிகளில் அதைச் சூட்டுக்கம்பியால் துளைப்பார்.

“ஓட்டையப் போட்டா ரெண்டு மடங்கு கொள்ளும். கம்பெனிக்காரன் நம்மளக் கேணப்பயலாக்குறான்!”

உள்ளே தகவலைப் பதியும் காந்தப் பூச்சு அதே மட்டமானதுதான் என்பது அந்த மூளைக்கு எட்டவேயில்லை. அக்கா தன் கல்லூரி புராஜெக்டை அவர் துளைத்த ஃபிளாப்பி ஒன்றில்தான் பதிந்து எடுத்துப்போனாள். சென்டரில் திறந்த ஃபிளாப்பி கல்லூரி கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து போட்டால் சென்டரிலும் திறக்கவில்லை.

“என்ன சித்தப்பா இப்புடிப் பண்ணிட்டீக?” என்று அழுதாள்.

“உங்க காலேஜ் டிரைவ் சரியில்லத்தா” என்றார், கொஞ்சமும் கூசாமல். அக்காவுக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ரோஜாச் செடி வைப்பதற்காகப் பழைய வாளியின் அடியில் துளையிட்டுக்கொண்டிருந்தார். ஆயுளில் முதல்முறையாக, ஓட்டை தேவைப்படும் ஒரு பொருளில் ஓட்டை போட்டிருக்கிறார்.