ஏழாம் எண் வீடும் ஒரு புள்ளிக்கோட்டு வட்டமும்

கழிப்பறையைப் பற்றிப் புலம்பாமல் நான் ஒரு பயணப் பதிவும் எழுதியதில்லை என்று கிண்டல் செய்வீர்கள். உண்மைதான். இந்த முறை முழுப் பதிவுமே ஒரு கழிப்பறையைப் பற்றியது. அதைக் கட்டத் திட்டம் வரைந்ததும் நான்தான்.

பதினாறு வருடங்களுக்கு முன் சேலத்தில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதுச்சேரியில் இருளர் குடும்பங்களுக்கு அரசு கட்டித்தரும் பதினெட்டு வீடுகளின் மனை வரைபடம் எங்களிடம் வந்தது. நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன்; வீடுகள் எழும்ப இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்த வீடுகளை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போன டிசம்பரில் பழைய சக ஊழியர் ஒருவர், "உங்க வீடுங்களை இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறாங்களாம்" என்று செய்தி அனுப்பினார். இடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவரே அங்கிருக்கும் இளம் பொறியாளரிடம் பேசி வைத்தார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் குடியிருப்பு மக்களோடு கூட்டம், அதற்கு நானும் வரலாம் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். கட்டணம் இருநூற்று நாற்பது ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம், விழுப்புரத்தில் கால் மணி நேரம் நின்று, ஏழு மணிக்குச் சற்று முன்னால் புதுச்சேரி. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தம். குழாயில் மட்டும் உப்புத் தண்ணீர்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். மஞ்சள் சுவர்களின் முன்னால் அந்த நேரத்திலேயே கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தெரு முனையிலும் நீலப் பலகை, தமிழில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். போய்ச் சேர்ந்த துரைகளுக்குக்கூட இந்த ஊர் பலகை வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டே காபி குடித்தேன்.

ஏழரைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் ஆல்பர்ட், ஐம்பது வயதிருக்கும். ஐந்தரை கிலோமீட்டருக்கு நூற்று எண்பது கேட்டார், ஒப்புக்கொண்டேன். போகும் வழியெல்லாம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசினார்.

"எங்க பெரியப்பா சொல்தா மேடம். மாசம் பிறந்தா பாரீஸ்லேர்ந்து பென்ஷன் வந்துடும். எங்கியோ இருக்கறவன் மறக்காம அனுப்பறான். நீங்க போற எடத்துல இருக்கறவங்க இந்த ஊர்லயே இருக்காங்க, அவங்க யாருன்னு எழுதிக் குடுக்கவே இம்மாம் வருஷம் ஆயிடுச்சி."

அவர் சொன்னது பழங்குடிச் சான்றிதழை. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் பழங்குடி என்று எழுதப்பட்ட அதே இருளருக்கு, இந்தப் பக்கம் அந்தப் பெயர் மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது.

குடியிருப்பின் பெயரை எழுத மாட்டேன். நகரத்தின் தெற்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பது போதும். நான் போனபோது வீடுகளில் ஆளே இல்லை. எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். நீர் வற்றும் நேரம் அது. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடியைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள்.

இது தெரியாமல் கரையோரம் இருந்த ஒரு பெண்ணிடம் நான் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், வீடு பிடித்திருக்கிறதா? அவர் என்னை முறைத்தபடி துழாவிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரையேறி, கயிற்றை வாயிலிருந்து எடுத்து, ஒரு தடவை துப்பிவிட்டுச் சொன்னார்:

"வாயில கயிறு இருக்கறப்ப கேட்டா எப்பிடிம்மா பேசுவாங்க? பதினோரு மணி கூட்டத்துக்கு வரச் சொன்ன ஆபீசருங்க மாதிரியே இருக்கறியே."

அவர் பெயர் செல்வி. நாற்பது வயதுக்குள். குடியிருப்பு மக்கள் தங்கள் சார்பில் பேச அவரைத்தான் அனுப்புகிறார்கள். போன வருடம் இரண்டு முறை காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தார்களாம். இரண்டு முறையும் அந்த நேரத்தில்தான் நீர் வற்றியது, ஒருவரும் வரவில்லை. கோப்பில் 'மக்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் பொறியாளர்தான் எப்போது கரையேறுவீர்கள் என்று கேட்டு மூன்று மணிக்கு மாற்றினார்.

செல்வி என்னை வீடுகளைப் பார்க்க அழைத்துப் போனார். என் வீடுகள். இரண்டு வரிசை, ஒன்பது ஒன்பதாக, காகிதத்தில் இருந்தது போலவே நேராக நின்றன. கூரையில் கம்பி வெளியே தெரிந்தது. மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துத்தான் படுக்க வேண்டுமாம். வெட்கமாக இருந்தது, ஆனால் அது கட்டியவரின் குறை என்று மனதுக்குள் தப்பித்துக்கொண்டேன்.

ஏழாம் எண் வீட்டில் மட்டும் கதவு பூட்டியிருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் சாய்த்து ஒரு தார்ப்பாய்க் குடிசை. செல்வியும் கணவரும் அதில்தான் இருக்கிறார்கள்.

"இந்த வீடு யாருக்கு?"

"எனுக்குத்தான். அம்மா உள்ள இருக்கறா. அவ இருக்கற எடத்துல நான் எப்பிடிக் காலு நீட்டிப் படுக்கறது?"

கதவைத் திறந்து காட்டினார். அறை நடுவில் மணல் பரப்பி, மஞ்சள் பூசிய ஏழு கற்கள். கன்னியம்மா, இவர்களின் குலதெய்வம். வீடு கட்டுவதற்கு முன் அவை ஒரு வேப்பமரத்தடியில், வட்டமான மண்மேடையில் இருந்தனவாம். கட்டுமானத்துக்கு வந்தவர்கள் மரத்தை வெட்டி, மேடையைத் தோண்டி, அதே இடத்தில் பொதுக் கழிப்பறையின் தொட்டியை இறக்கினார்கள். இரண்டு நாள் கெஞ்சியும் நடக்கவில்லை. கற்களை மட்டும் தூக்கி வந்தார்கள்.

"அம்மா மேல போயி ஒக்கார முடியுமா? யாருமே போவல. ஆபீஸ்ல என்னா எழுதுனாங்க தெரியுமா? இவங்களுக்குக் கக்கூஸ் பழக்கம் இல்லன்னு. ராத்திரி மழையில பொம்பளப் புள்ளைங்க அலையாத்திக்குள்ள போறோமே, அது எங்களுக்குப் புடிச்சிப்போயா போறோம்?"

அந்த வட்டம் எனக்கு ஞாபகம் இருந்தது.

அளவையாளர் அனுப்பிய தாளில் மனையின் நடுவில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம் இருந்தது. பக்கத்தில் பெயர் இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பாழுங்கிணறு என்று நானே முடிவு செய்தேன். ஏற்கனவே குழி இருக்கிறது, தொட்டியை அங்கே வைத்தால் தோண்டும் வேலை மிச்சம் என்று மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாராட்டி டீ வாங்கித் தந்தார்.

செல்வியிடம் அதைச் சொல்லவில்லை. தலைவலி என்று ஏதோ உளறிவிட்டு, காத்திருந்த ஆல்பர்ட்டின் ஆட்டோவில் ஏறினேன். கோழை என்றால் கோழைதான்.

மதியம் நேரு வீதியில் மீன் சாப்பாடு, நூற்று இருபது ரூபாய். பாதிக்கு மேல் இறங்கவில்லை. பேசாமல் நாலு மணி பஸ்ஸுக்குச் சேலம் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். வெளியே காத்திருந்த ஆல்பர்ட்டிடம், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதும், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஹேண்டில்பாரைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம் ரொம்ப ஈசி மேடம். சாமியார் காதுல சொல்லிட்டு, நாலு செபம் பண்ணிட்டு வூட்டுக்குப் போயிடலாம். இத நீங்க அந்தம்மா கிட்டயே இல்ல சொல்லணும்? கஷ்டந்தான்." பிறகு வண்டியைக் கிளப்பினார். "பஸ் ஸ்டாண்டா, ஆத்தங்கரையா?"

மூன்று மணிக்கு ஆற்றங்கரையில் இருந்தேன்.

வீட்டு வரிசைகளுக்கு நடுவே பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார். நல்ல பையன். மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிவிடும், இன்றைக்கே சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு புது வரைபடத்தை விரித்தார். கம்ப்யூட்டரில் போட்டது. வண்ணம் எல்லாம் இருந்தது. ஆனால் அது என்னுடைய பழைய வரைபடம். வீடுகளை இரண்டடி பெரிதாக்கி, மற்றதை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். நடுவில் அதே வட்டம், அதே இடத்தில் இன்னும் பெரிய தொட்டி.

மற்றவர்களுக்கு அது வெறும் கோடுகள். செல்வி தாளைப் பார்க்கவில்லை, பொறியாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சார், புது வூட்டுல அம்மாவுக்கு அவ எடம் கெடைக்குமா? அவ மண்ணுக்குப் போனாத்தான் நான் வூட்டுக்குள்ள போவேன்."

"கோயிலுக்குன்னு தனியா இதுல எதுவும் வரலைம்மா. முதல்ல வீடு வரட்டும், அப்புறம் மனு குடுங்க, பார்க்கலாம்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. தாளில் இருந்ததைச் சொன்னார். அந்த வட்டம் என்னவென்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

செல்வி பேனாவைக் கையில் வாங்கினார். பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு, "போடுக்கா, இன்னொரு மழ தாங்காது" என்றாள். செல்வியின் கை தாளின் மேல் நின்றது.

நான் எழுந்தேன். "கையெழுத்துப் போடாதீங்க. தொட்டி மறுபடியும் அதே எடத்துலதான் வருது. இந்தக் கோட்டை மொதல்ல போட்டதே நான்தானுங்க. பாழுங்கிணறுன்னு நெனச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் முறைத்ததுபோல் இல்லை இது.

"காலையில என் வூட்டுக்குள்ள வந்து நின்னியே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"மன்னிப்ப வச்சிக்கினு நான் என்னாம்மா பண்றது? கோடு போட்டவ நீதான? மாத்திப் போடு."

பொறியாளர் தலையைச் சொறிந்தார். வீடுகளின் எண்ணிக்கையும் எல்லையும் மாறாமல் தொட்டியை மட்டும் நகர்த்தினால், இடத்திலேயே திருத்தம் என்று தானே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப முடியும், அதற்கு அளவோடு ஒரு படம் இப்போதே வேண்டும் என்றார். என் பையில் பென்சிலும் அளவுகோலும் எப்போதும் இருக்கும். பழைய பழக்கம்.

ஆனால் எங்கே நகர்த்துவது? சேலத்தில் உட்கார்ந்து நானே முடிவு செய்திருப்பேன். இந்த முறை கேட்டேன். மழையில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் ஓடும், கிணறு எங்கே, காற்று எப்படி. ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு என்னோடு அலைந்தார்கள். தண்ணீர் நிற்காத, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டிய மேடு ஒன்றே ஒன்று கிடைத்தது. அது ஏழாம் எண் வீட்டின் பின்புறம்.

"எங்க வூட்டுக்குப் பின்னாலயே போடு. பதினாலு வருஷம் அம்மா பட்டா. கொஞ்சம் நாத்தம் நான் படக்கூடாதா?" என்றார் செல்வி. அன்றைக்கு முதல்முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பாயில் குனிந்து தொட்டியை அழித்துப் புது இடத்தில் வரைந்தேன், பழைய தொட்டியைத் தோண்டி எடுத்து மண் நிரப்ப வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். பொறியாளர் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார், பிறகு சம்மதத் தாளில் செல்வியும். இது மேலே போய்த் திரும்பி வர வேண்டும். வரும் என்று அவர் நம்புகிறார், நான் பாதி நம்புகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இது சுற்றுலா இடம் அல்ல, அதனால்தான் பெயர் எழுதவில்லை. ஆற்றுப் பக்கம் போனால் தண்ணீரில் இருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள், கயிறு வாயில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பத்து மணிக்கு மேல் சாலையோரம் இறால் விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஆட்டோ போக வர, காத்திருப்பும் சேர்த்து, இரண்டு தடவை போய் வந்த எனக்குத் தொள்ளாயிரம் ஆனது. அரசு வேலையில், வரைபட வேலையில் இருப்பவர்களுக்கு வேறொன்று. தாளில் பெயரில்லாத வட்டம் வந்தால் போன் போடுங்கள். நிதி ஒதுக்குவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அதே நிதிதான் முதல் தடவை அந்த மரத்தையும் வெட்டியது.

செல்வி என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கிளம்பும்போது அவர் என் பென்சிலை வாங்கிக்கொண்டார். அந்தக் காலி வட்டத்துக்குள், எழுத்துக் கூட்டிக் கூட்டி, கன்னியம்மா என்று எழுதினார். பிறகு ஏழாம் எண் கட்டத்துக்குப் போய், அதைவிடச் சின்ன எழுத்தில், செல்வி என்று எழுதினார்.