இடஞ்சுற்றி ஓடிய ராமாத்தாள்

எலப்புள்ளிக்குக் கிழக்கே, கஞ்சிக்கோட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். வயசுக்கு வந்த பெண் ஒருத்தி ஓடுவதைக்கூட அங்கே பொறுத்துக்கொண்டார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். சென்னியப்பன் மகள் ராமாத்தாள் எட்டாம் வகுப்பிலிருந்தே விடியற்காலையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாரியம்மன் கோயில் தரையில் வெறுங்காலோடு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முகத்துக்கு நேரே, “என்ன அம்மிணி, பஸ்ஸப் புடிக்கவா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுபத்தேழாம் வருஷம் மாசி மாதம் அவள் திசையை மாற்றி ஓடினாள். அதற்குத்தான் ஊர் கூடியது.

ஓடுவதற்கு வேறு இடம் கிடையாது. நாலு பக்கமும் வயல். வரப்பில் ஓடினால் சேற்றில் விழ வேண்டும், ரோட்டில் ஓடினால் தொழிற்சாலைக்குப் போகும் லாரியில் விழ வேண்டும். மேடாகவும் காய்ந்தும் கிடந்தது கோயில் தரை ஒன்றுதான். அறுப்புக் காலத்தில் அதன் ஒரு மூலையில்தான் நெல்லடிப்பார்கள். நடுவில் கோயில். கோயில் நடுவில் இருந்தால் எப்படிச் சுற்றுவது? வலமாகத்தான். சோற்றை எந்தக் கையால் தின்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லையே, அதைப் போல இதையும் ராமாத்தாளுக்கு யாரும் சொல்லவில்லை. இடம் சுற்றுவது சுடுகாட்டில்தான், பிணத்தை. ஆறேழு வருஷம் அவள் அம்மனை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே ஓடினாள். ஆயிரம் பிரதட்சணம் செய்தால் வரம் கிடைக்கும் என்பார்கள். அந்தக் கணக்கில் ராமாத்தாளுக்கு ஒரு நாடே கிடைத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் போட்டியில் கோடு கிழித்த தடம் கிடையாது. கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டு வா என்பார்கள், இவள் தொட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள், ஒரு சோப்பு டப்பாவைக் கையில் கொடுப்பார்கள். பாலக்காட்டில் கல்லூரிக்குப் போன பிறகும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் அவளை நெருங்க ஆள் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்தான் அவள் ஓட்டம். அவசரக்காரிகள் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கி ஒதுங்குவார்கள், இவள் மாடு மாதிரி ஒரே சீராக வந்து ஜெயிப்பாள்.

அந்த வருஷம் திருச்சூரில் மாநிலக் கல்லூரிகளுக்கான போட்டி. முதல் இரண்டு பேருக்கு அகில இந்தியப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். ராமாத்தாள் மூன்றாவதாக வந்தாள். முதலில் வந்தவள் மூணாறுக்கு அப்பால் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, ஆலுவாயில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாரித்தாய். கறுத்த, குட்டையான, வாய் ஓயாத பெண். பந்தயம் முடிந்து இரண்டு பேரும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“தடமே கோணலாக் கெடக்குது” என்றாள் ராமாத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அழுகையை அவளால் இப்படித்தான் மறைக்க முடிந்தது.

“தடம் ஒழுங்காத்தான் இருக்கு” என்றாள் மாரித்தாய். “நீதான் வளைவுக்கு வளைவு வெளிய போற. மொத ரெண்டு சுத்தும் ஒம் பின்னாடிதான வந்தேன், பாத்தேன்ல. மூணாவது கோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற. மொத்தம் ஏழு வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு எட்டு தானமாக் குடுத்திருக்க. எங்கிட்டு ஓடிப் பழகுன?”

“எங்கூரு கோயலச் சுத்தி.”

“எந்தப் பக்கமா?”

“கோயல எந்தப் பக்கமாச் சுத்துவாங்க? வலமாத்தான்.”

மாரித்தாய் குழாயை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்க எல்லாப் பந்தயமும் எடப்பக்கமாத்தான் திரும்புது, புள்ள. நீ வலமாச் சுத்திக்கிட்டே இரு. அடுத்த வருசமும் நாந்தான் மொதல்ல” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ராமாத்தாளைச் சுட்டது. பாலக்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த வருஷம் கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் ஓட்டம் ஏது? அணியில் இடம் பிடிக்க இன்னும் ஒரே ஒரு பந்தயம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை கோயில் தரைக்கு வந்தாள். அம்மனை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓடினாள். முதல் சுற்றில் கால் பின்னியது. உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு வாரத்தில் இடது முழங்கால் வீங்கியது. அவளுக்கு அம்மன்மேல் பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், பிறகு ஓடினாள்.

பங்குனியில் இரண்டு வீட்டில் அம்மை வார்த்தது. காரணம் தேடி ஊர் அதிக தூரம் போகவில்லை. ஊர்ப் பெரியவர் கருப்புசாமி கோயில் முன்னால் கூட்டம் போட்டார். ராமாத்தாளின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். பொம்பளைகள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. கூப்பிடாமலே வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள் ராமாத்தாள்.

“அம்மன எடஞ்சுத்தி ஓடறது ஊருக்கே கேடு” என்றார் கருப்புசாமி. “சென்னியப்பா, புள்ளைய நிறுத்து.”

“ஏனுங் மாமா, போன வருசமும் அம்ம வந்துச்சுங்களே. அப்ப நான் வலஞ்சுத்தித்தானுங்க ஓடினேன்” என்றாள் ராமாத்தாள்.

யாரோ இருமினார்கள்.

“இதே தரையிலதான் நெல்லடிக்கறோம். தாம்புல பூட்டுன மாடு எந்தப் பக்கமாங்க சுத்துது? எடஞ்சுத்தித்தான சுத்துது? அந்த நெல்லுலதான நோம்பிக்குப் பொங்க வெக்கறோம்?”

“மாடு சாமியவா சுத்துது? நெல்லச் சுத்துது” என்றார் கருப்புசாமி.

“நானும் சாமியச் சுத்தலீங்க. தரையச் சுத்தறேன்.”

இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் செய்வதைத்தான் கருப்புசாமியும் செய்தார். அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு அவள் அப்பாவிடம் பேசினார். ஓட்டம் நிற்காவிட்டால் இனி சென்னியப்பன் வீட்டாருக்கு அம்மன் திருவிழாவான நோம்பியில் காப்புக் கட்ட மாட்டோம், அந்த வீட்டு மாவிளக்கு கோயிலுக்குள் வராது என்றார். ஊரோடு சேர்ந்து கும்பிட முடியாது என்பது அதன் அர்த்தம். சென்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பிறகு சொன்னார்: “ஒரு வருசம் விடுங்க. அடுத்த பந்தயத்துல மொத எடம் வாங்கட்டும். வாங்கலீன்னா அத்தோட ஓட்டம் நின்னுபோச்சு. இது என் வாக்கு.”

ராமாத்தாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் கத்தினாள்: “எங்காலுக்கு நீங்க எப்பிடிங்கப்பா வாக்குக் குடுப்பீங்க?” சென்னியப்பன் செம்பை எடுத்துக்கொண்டு கை கால் கழுவப் போனார். அடுப்படியிலிருந்து அம்மா செல்லாத்தாள்தான் பேசினாள். “அவரு குடுக்காட்டி இன்னைக்கே நிறுத்தியிருப்பாங்கல்ல. ஒரு வருசம் கெடச்சுது. போயி ஓடு.”

அந்த ஒரு வருஷமும் ஓடினாள். மழையில் தரை வழுக்கியபோதும் ஓடினாள். அவள் இடஞ்சுற்றும்போது சில பெண்கள் குடத்தோடு நின்று, அவள் கடந்துபோன பிறகே கோயிலுக்குள் நுழைந்தார்கள். கருப்புசாமி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். கார்த்திகைக்குள் உடம்பு பழகிவிட்டது. வளைவு வந்தால் இடது தோள் தானாகத் தாழ்ந்தது. கோயில் மதிலை உரசாமல் ஒரு சாண் விட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டாள்.

எழுபத்தெட்டு மாசியில் திரும்பவும் திருச்சூர். துப்பாக்கி வெடித்ததும் ராமாத்தாள் உள்கோட்டைப் பிடித்தாள், பிடித்ததை விடவில்லை. மாரித்தாய் இரண்டாவது வளைவில் தாண்டப் பார்த்தாள், வழி இல்லை. நான்காவதில் பார்த்தாள், ஐந்தாவதில் பார்த்தாள். தாண்ட வேண்டுமென்றால் அவள்தான் வெளியே சுற்ற வேண்டியிருந்தது. ஏழாவது வளைவு முடிந்து நேர்வழி திரும்பியபோது ராமாத்தாள்தான் முன்னால். கடைசி நூறு மீட்டரில் வளைவு கிடையாது. எஸ்டேட் மேட்டில் ஏறி இறங்கிய கால் அது, மாரித்தாய் விடுவாளா? எட்டு எட்டாக நெருங்கி, நாடாவைத் தொடும் இடத்தில் நெஞ்சு அளவுக்கு முந்திவிட்டாள்.

இரண்டு பேரும் தரையில் விழுந்து கிடந்தார்கள். மாரித்தாய்தான் முதலில் பேசினாள். “வழி சொல்லிக் குடுத்த என் வாயத் தைக்கணும். செத்தேன் போ.” ராமாத்தாள் சிரித்தாள். போன வருஷத்தைவிடப் பதின்மூன்று நொடி குறைத்திருந்தாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது, மூன்று வாரத்தில் வடக்கே போக வேண்டும். அவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் அப்பாவின் வாக்கு முள்ளாகக் குத்தியது. முதல் இடம் என்றுதானே சொல்லியிருந்தார்.

அவள் ஊருக்கு வருவதற்கு முன்பே டீக்கடைப் பத்திரிகை வந்துவிட்டது. ராமாத்தாள், இரண்டாம் இடம். மறுநாள் காலை அவள் கோயில் தரைக்கு வந்தபோது வழி நெடுக இலந்தை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கருப்புசாமியும் நாலைந்து ஆம்பளைகளும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், ஆள் அனுப்பி வரவழைக்கப்பட்ட சென்னியப்பன். தண்ணீர்க் குடத்தோடு பத்துப் பெண்கள்.

ராமாத்தாள் ஒரு குச்சியை எடுத்து முள்ளை ஓரமாக இழுத்துப் போட ஆரம்பித்தாள்.

“என்ன அம்மிணி பண்றே?” என்றார் கருப்புசாமி.

“ஓடோணுங்க. மூணு வாரந்தான் இருக்குது.”

“நீ ரெண்டாவது. மொத எடம் வாங்கலீன்னா ஓட்டம் நின்னுபோச்சுன்னு ஊர் முன்னால வாக்குக் குடுத்தாச்சு.”

“யாருங்க குடுத்தாங்க?”

“உங்கப்பன்.”

“வாக்கு வாக்குத்தானுங்க” என்றாள் ராமாத்தாள், கடைசி முள்ளை இழுத்துப் போட்டபடி. “எங்கப்பா வாக்கு மாற மாட்டாரு. இனிமே அவரு ஓடவே மாட்டாருங்க.”

 சென்னியப்பனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் யாருக்கும் இருமத் தோன்றவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ராமாத்தாள் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். இடக்கைப் பக்கம் அம்மனை வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு சுற்று முடித்து வரும்போது கருப்புசாமி மதில் மூலையில், அவள் திரும்பும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நகர்வதாக உத்தேசம் இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

“அக்கட்டால நில்லுங்க மாமா” என்றாள். “நான் வளைவுல வெளிய போறதில்லீங்க.”

கருப்புசாமி ஒதுங்கினார்.