புரட்டாசியில் ஒரு பொட்டலம்

அம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தனியாக ஊர் சுற்றினாள். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பிவிட்டாள். அந்த எட்டு மணி நேரத்தைக் காட்டிக்கொடுத்தவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்தவர். அம்மா இதே ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்குப் புரட்டாசி அப்பா வழியாக வந்தது. மாதம் முழுக்க அசைவம் கிடையாது. முட்டை கலந்த கேக்குகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டிக்கு விரத மாதம் கார்த்திகம். அதனால் புரட்டாசியில் அவர் வீட்டுக் கோழிக்குழம்பின் மணம் எங்கள் ஜன்னலுக்குள் தாராளமாக வரும்.

இந்தச் சட்டத்தில் அப்பா தனக்கென்று ஒரு விலக்கு வைத்திருந்தார். ஒரு புரட்டாசி மாலையில், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், கூட வந்தவரிடம் கேன்டீன் சிக்கனில் இன்றைக்கு உப்பு அதிகம் என்று சொன்னதைக் கேட்டேன். நான் நிற்பதைப் பார்த்ததும், “வெளிய சாப்பிட்டா தப்பில்லமா. வீட்டுப் பாத்திரத்துல படக் கூடாது, அவ்ளோதான்” என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். கூடப் படித்தவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் போவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அம்மா ஸ்கூட்டரை எடுத்தாள். காய்கறி வாங்கவும் என்னைப் பள்ளியில் விடவும் மட்டும் என்ற நிபந்தனையோடு வாங்கிக் கொடுக்கப்பட்ட ஸ்கூட்டர் அது. நானும் வருவேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கு நான் மட்டும்டி” என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

என்னைப் பக்கத்து வீட்டில் விட்டாள். மதியம் ஆன்ட்டி கோழிக்குழம்பு வைத்தார். “தினம்மா, மீ நான்னகி செப்பனுலே” என்றார். சாப்பிடச் சொன்னார், அப்பாவிடம் சொல்லமாட்டாராம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். விரதத்தைக் காப்பாற்றிய பெருமையும் விட்டுவிட்டுப் போன கோபமும் ஒன்றாக வயிற்றுக்குள் இறங்கின.

ஐந்து மணிக்கு அம்மா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல், “வா, பார்க் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்” என்றாள். “நக்கோ” என்றேன். வேண்டாம் என்பதற்கு அவள் ஊரில் சொல்லும் சொல்லையே அவள்மேல் எறிந்தேன். இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவளுக்குத் தோழியிடமிருந்து போன் வந்தது. “ஹவ், ஹவ், வந்து சேந்துட்டேன். பயமா? கைக்குடி, எதுக்குடி பயம்? ரோடுல லாரிக்காரன்தான் என்னப் பாத்து பயந்தான்!” அப்பாவோடு பேசும்போது இந்தக் குரலை நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நாற்காலியில் கிடந்த துப்பட்டாவில் கரிப்புகை வாடை. போனில் ஐந்து படங்கள். மெட்டுகுடாவில் ஒரு தோழி வீட்டு வாசல். ஏதோ ஒரு டீக்கடை. மௌலா அலி மலைப்படிகளில் இன்னொரு தோழி. நான்காவதில் தெருவோரக் கடை. கரி நெருப்புக்கு மேல் கருங்கல் பலகை, அதன்மேல் வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கறி. பத்தர் கா கோஷ்த், அந்த ஊரின் கருங்கல் கறி. ஐந்தாவதில் அம்மாவின் தட்டு. கறி, வெங்காயம், மூன்று பச்சைமிளகாய்.

நான் தயிர்சாதம் சாப்பிட்ட நேரம் அது.

சாவியை எடுத்துப் போய் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தேன். அலுமினியத் தாளில் ஒரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்து, சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, அதில் கறியைப் பரப்பி, அப்பா உட்காரும் இடத்துக்கு நேராக மேஜைமேல் வைத்தேன். பிறகு என் அறைக்கதவருகில் போய் நின்றேன்.

அம்மா குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போன நேரத்தில் அப்பா வந்தார். தட்டைப் பார்த்தார். அம்மா சமையலறையிலிருந்து வந்து அவளும் தட்டைப் பார்த்தாள்.

“என்னது இது?”

“கறி.”

“எங்க போயிருந்த?”

“மௌலா அலி வரைக்கும்.”

“வண்டியிலயா? தனியாவா?”

“பின்னாடி யாரும் உக்காரலைங்க.”

“புரட்டாசியில, வீட்டுத் தட்டுல வெச்சிருக்க. என்ன திமிர் உனக்கு?”

அம்மா என் பக்கம் திரும்பினாள். ஒரு கணம்தான். தட்டில் வைத்தது தான் இல்லை என்று அவள் சொல்லவில்லை. “இந்த ஊர்ல ஏதுங்க புரட்டாசி?” என்று மட்டும் கேட்டாள்.

“சாவியக் குடு” என்றார் அப்பா.

புரட்டாசி முடிந்தது. சாவி திரும்பவில்லை. தீபாவளிக்கு முன்பு ஸ்கூட்டர் அப்பாவோடு வேலை செய்பவரின் மகனுக்குப் போனது. பள்ளிக்கு நான் ஆட்டோவில் போனேன். அதற்கும் அம்மாவைத்தான் குறை சொன்னேன்.

அந்த வீட்டின் சட்டப்படி வெளியே தின்றவள் குற்றவாளி அல்ல. கேன்டீன் சிக்கனுக்கு இருந்த விலக்கு கருங்கல் கறிக்கும் உண்டு. வீட்டுக்குள் கறியைக் கொண்டுவந்ததும் பாத்திரத்தில் பட வைத்ததும் நான். அப்பாவின் விலக்கு எனக்குத் தெரியும். அதை அன்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. நீதி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பார்க் வரைக்கும் ஒரு ரவுண்டு என்று இரண்டு முறை ஏன் கூப்பிட்டாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. பார்க் பெஞ்சில் வீட்டுப் பாத்திரம் ஏதும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். கறி இருந்தது, வெங்காயம் இருந்தது, எலுமிச்சைத் துண்டு இருந்தது. பச்சைமிளகாய் ஒன்றுகூட இல்லை.

அந்த வீட்டில் காரம் ஆகாதவள் நான் ஒருத்திதான்.