பவித்ரா கட்டிய மெஷின்

காட்டூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. கார்தான் இல்லை. அந்தத் தகரக் கூரையின் கீழே பவித்ரா ஒரு மெஷின் கட்டினாள். கம்ப்யூட்டரில் போட்ட படத்தைப் பார்த்து மரப்பலகையில் தானே ஓடிச் செதுக்கும் சி.என்.சி. ரூட்டர். மெக்கானிக்கல் டிப்ளமா படித்து, துவாக்குடியில் ஒரு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டாள். வேலையை விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை.

அரியமங்கலம் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கிய இரும்புச் சட்டத்தை வீட்டில் நூல் பிடித்துப் பார்த்தால், சூட்டில் முறுக்கி ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. மெல்லிய தகடுகளை அடியில் கொடுத்துக் கொடுத்து அதைச் சமத்துக்குக் கொண்டுவருவதற்குள் மழைக்காலமே ஓடிவிட்டது. முதலில் வெட்டிய எழுத்துகள் ஓரமெல்லாம் அலை அலையாக வந்தன. கட்டரைத் தாங்கி நகரும் பாலம் ஆடுகிறது என்று கண்டுபிடித்துக் கழற்றினாள், இரண்டு பக்கமும் கனத்த தகடு வைத்து மறுபடி மாட்டினாள். மேஜையின் முன்பக்கம் நீளமாக ஒரு திறப்பு விட்டாள். பலகையை அதில் நெட்டுக்குத்தாக நிறுத்தினால் அதன் முனையில் மூட்டு வெட்டலாம். டிராயர்கள் ஆணியே இல்லாமல் கோத்துக்கொள்ளும். அந்தத் திறப்பை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் மூட்டு கச்சிதமாக உட்கார்ந்த அன்று ஷெட்டில் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

கணவன் அஜித் கெட்டவனில்லை. ஹார்டுவேர் கடையில் சேல்ஸ்மேன். கனமானதைத் தூக்கிக் கொடுத்தான், பேச்சுத் திறமையால் ஆர்டர் பிடித்து வந்தான். வந்தவர்கள் எல்லாம் "சார் இல்லீங்களா?" என்றுதான் கேட்டார்கள். "நான்தாங்க மெஷின் ஓட்டறேன்" என்றால், அவள் தலைக்கு மேலே ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அஜித் வந்ததும் சந்தேகங்களை அவனிடம் கேட்டார்கள். அவனும் பதில் சொன்னான், முந்தின நாள் அவள் சொன்னதையே.

"நம்ம மெஷினுக்கு ஒரு பேர்ப்பலகை வேணும்" என்றான் ஒருநாள். 'அஜித் சி.என்.சி.' என்று எழுதிக் கொடுத்தான்.

"என் பேரு?"

"கடைப் பேருதானம்மா. ஆம்பளைப் பேரா இருந்தா கஸ்டமர் நம்புவாங்க."

அந்தப் பலகையையும் அவள்தான் வெட்டினாள். சுழிகள் சுத்தமாக வந்திருந்தன.

பிரசவத்துக்கு உறையூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். ஞாயிறுதோறும் வந்த அஜித், வேலை நன்றாகப் போகிறது என்பான். கைக்குழந்தை கனிஷ்காவோடு காட்டூர் திரும்பிய அன்று ஷெட்டில் அவன் பைக் நின்றது. தரையில் மெஷின் கால்களின் துருத் தடம் மட்டும் இருந்தது.

"தில்லை நகர்ல ரெங்கராஜ்னு ஒருத்தர், இன்டீரியர் கடை வச்சிருக்கார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டாரு. பச்சப்புள்ள இருக்கற வீட்ல மரத்தூசி எதுக்குன்னு விலைக்குக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பிள்ளை பெத்துக் கிடக்கிறவகிட்ட இதையெல்லாமா கேப்பாங்க? இன்னொண்ணு கட்டினாப் போச்சு. எப்படிக் கட்டறதுன்னு நமக்குத்தான் தெரியுமே."

நமக்கு என்ற அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது.

சில வாரங்களில் ரெங்கராஜ் கூப்பிட்டார், அளவு தப்பி வெட்டுகிறது என்று. அஜித் கெஞ்சி அவளையும் அழைத்துப் போனான். ரெங்கராஜ் மரியாதையாக நாற்காலி போட்டார். "சார் அருமையா கட்டியிருக்கார்ம்மா. நீங்க உக்காருங்க, ஜூஸ் சொல்றேன்." அவள் உட்காரவில்லை. மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் இடத்தில் ஸ்குரூ தளர்ந்திருந்தது, முறுக்கினாள். சாமான் விழுகிறது என்று முன்பக்கத் திறப்பை பிளைவுட் வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். அதைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அஜித், கோளாறு எப்படி வந்தது என்று ரெங்கராஜுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், இன்னும் இரண்டு பேர் மெஷின் கேட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொண்டேன் என்றான்.

"நீங்களே கட்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். எங்கிருந்தோ ஒரு மெக்கானிக்கைப் பிடித்துக் கட்டியும் பார்த்தான். அது ஆடிய ஆட்டத்தில் வாங்கியவர் வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். "நீ மனசு வச்சிருந்தா இந்த அசிங்கம் வந்திருக்குமா?" என்று அவள்மேல் பாய்ந்தான். அவளைப் பெற்ற அம்மா மயிலம்மாளும் அவன் பக்கம்தான். "புருஷன் பேர் வாங்கினா அது உனக்குப் பெருமை இல்லையாடி?" பவித்ரா குழந்தையை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டு, துவாக்குடிக்கு மறுபடி டிராயிங் போடப் போனாள். வீட்டில் பேச்சு, பால் வாங்கியாச்சா, கேஸ் சொல்லியாச்சா என்ற அளவுக்குச் சுருங்கியது.

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அஜித்தின் பெரியப்பா அவனைப் பிடித்துக்கொண்டார். "வீட்லயே மெஷின் கட்டினியாமே, எப்படிப்பா?" அஜித் ஒரு கணம் பவித்ராவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெல்டிங் சூட்டில் தூக்கிக்கொண்ட அந்த மூலையிலிருந்து ஆரம்பித்தான்.

பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார். "உனக்கும் இதெல்லாம் கொஞ்சம் தெரியுமாம்மா?"

"கொஞ்சம் தெரியும் மாமா" என்றாள் பவித்ரா. பந்திக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.