மாலை லாஞ்சும் அத்தாவின் நடுநிலையும்

எல்லாம் அறிந்த இறைவனைப் போற்றி இதனை எழுதுகிறேன். வெறும் புகழுரையை மறைந்த எங்கள் அத்தா விரும்பியிருக்கமாட்டார்கள்.

இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூரொன்றில் பிறந்த அத்தா, ஐம்பதுகளில் கப்பலேறி இத்தீவுக்கு வந்தார்கள். சாத்தாம் துறைக்கும் பாம்பூஃப்ளாட் துறைக்கும் இடையே ஆளேற்றி ஓடிய லாஞ்சில் கயிறு பிடிப்பவராய்ச் சேர்ந்து, அதை ஓட்டி நடத்தும் சாரங்காக உயர்ந்தார்கள். பணி இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்பது அவர்கள் கொள்கை. ஊழியர்க்கு வேலைநேரம் வகுப்பதும், அவரவர் வேலைத்திறத்தை அதிகாரியிடம் எடுத்துரைப்பதும் அவர்கள் பொறுப்பு.

தீபாவளிக்கும் துர்கா பூசைக்கும் கேட்குமுன்பே விடுப்பளித்தவர்கள், நோன்பு மாதத்தில் மட்டும் தம்மையும் கயிறு பிடிக்கும் மொகுதீனையும் மாலைப் பணியிலேயே நிறுத்தினார்கள். லாஞ்சிலிருந்த மற்றொரு முஸ்லிம் அவர் ஒருவரே. தம் மார்க்கத்தாருக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவரும் சொல்லிவிடலாகாதே என்னும் அச்சம். வீட்டில் அத்தா இல்லாமலே நாங்கள் நோன்பு திறப்போம். அம்மா குறைப்பட்டால், "சாரங்கு வீட்டைத்தான் ஊரு முதல்ல பார்க்கும்" என்பார்கள்.

ஒரு மாலை, பாங்கு கேட்டு மொகுதீன் பேரீச்சம்பழத்தை வாயிலிட்ட நொடியில் கயிறு நழுவி, லாஞ்சு துறையில் மோதியது. எவருக்கும் காயமில்லை. ஆயினும் கவனமற்றவர் என்றே அத்தா அதிகாரியிடம் சொன்னார்கள். மொகுதீனுக்கு வரவிருந்த நிரந்தர வேலை நின்றுபோயிற்று. அவர் தொலைவிலுள்ள வேறொரு தீவின் ஹட் பேவுக்குப் பிழைக்கச் சென்றார்.

லாஞ்சின் எஞ்சினைப் பார்த்துக்கொண்ட ஆறுமுகம் மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். "பாய், நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவன் டியூட்டிய நான் பார்த்திருப்பேன். தீபாவளிக்கு என்னோடத அவன் பார்த்துட்டுப் போறான். ஹிசாப் சரியாப் போச்சு."

அடுத்த நோன்பில் எல்லாரையும் கேட்டே வேலைநேரம் வகுத்தார்கள். முதல்நாள் எங்களோடு அமர்ந்தும், கஞ்சியைக் குடிக்காமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தார்கள். மொகுதீனிடம் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்பது முறையன்று, நேரில் போகவேண்டும் என்பார்கள். ஆனால் விடுப்பு எடுக்கும் போதெல்லாம் வேறொருவர்க்கு அவசரம் வந்தது, விட்டுக்கொடுத்தார்கள். பின்னர் நெஞ்சுநோய் வந்தது. கப்பலேற மருத்துவர் ஒப்பவில்லை.

அடக்கம் முடிந்தபின் வந்த கப்பலில் மொகுதீன் வந்தார். அத்தாவுக்காக நாங்கள் மன்னிப்பு வேண்டினோம். "பொறுத்துட்டேன் தம்பி. ஆனா அவரு கேட்டு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

நோயில் துணைநின்று, உடல் தாங்கிய சந்தூக்கையும் சுமந்த ஆறுமுகம் மாமாவுக்கும் லாஞ்சு ஊழியர்க்கும், கடல்கடந்து வந்த மொகுதீன் அவர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தாவின் கண்டிப்பால் மனம் நொந்தவர் இன்னும் எவரேனும் இருப்பின் சொல்லியனுப்புங்கள். எத்தீவாயினும் நாங்களே வருகிறோம்.