பெரிய வெள்ளியில் நனைந்த சீனி

மகள் கணக்கியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கௌரவமான வேலை என்று வீட்டுக்கு வருபவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் மட்டும் தலையாட்டவில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் என் கணவர் கொழும்பில் வேலையை இழந்து எங்கள் தீவுக்குத் திரும்பியபின், கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் எழுதிய கணக்குத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. என் நியமனம் தற்காலிகமானது. நிரந்தரமாக்கும் கடிதத்தில் முகாமையாளர் ஒப்பமிட வேண்டும். பேனாவை ஒழுங்காக மூடத் தெரியாத அந்த மனிதரின் கையில்தான் எங்கள் உலை இருந்தது.

குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் சீனி வரும். கடல் அடித்துச் சில மூட்டைகள் நனைந்து கரையும். அப்போது நட்டப் பத்திரம் எழுதி முகாமையாளர், வள்ளக்காரர், நான் என மூவரும் கையெழுத்து வைப்போம். வெறும் சாக்கைச் சாட்சிக்கு வைத்திருப்போம்.

ஒரு திங்கட்கிழமை முகாமையாளர் பன்னிரண்டு மூட்டைக்குப் பத்திரம் நீட்டினார். சீனி ஏற்கெனவே ஒரு வியாபாரியிடம் போய்விட்டது. இந்தப் பெரிய மனிதர் பன்னிரண்டு வெறும் சாக்குகளைக் கடலில் தோய்த்து, கடைக்குப் பின்னால் வேலியில் காயப் போட்டிருந்தார். இவ்வளவு பாடுபட்டவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. சரக்கு வந்த நாள் வெள்ளி என்று எழுதியிருந்தார். வள்ளக்காரரின் இடத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. வள்ளக்கார அண்ணை வேதக்காரர். அண்டைக்கு முழுக்க மாதா கோயிலிலதான் நிண்டவர். ஒரு வள்ளமும் ஓடேல்லை."

வள்ளக்காரர்களை ஆட்களாகவே மதிக்காதவருக்கு அவர்களுடைய நாள் எங்கே தெரியப் போகிறது? பிடிபட்டுவிட்டார், இனிப் பத்திரத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அட, நல்ல மூளை பிள்ளை உமக்கு! அப்ப வியாழன் எண்டு மாத்துவம்."

"வியாழன் வந்த சீனி காய்ஞ்சுதானே வந்தது. நானே எண்ணி இறக்கினனான்."

"இன்னும் புத்தகத்தில ஏத்தேல்லைத்தானே? நீர் எண்ணினது உமக்கும் எனக்கும்தான் தெரியும். உம்மட கடிதமும் என்ர மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்கு."

புதுத் தாள் எடுத்து வியாழன் என்று எழுதினார். வள்ளக்காரரின் இடத்திலும் அவரே கிறுக்கினார். அந்த மடையன் விட்டிருந்த ஒரே ஓட்டையை அடைத்துக் கொடுத்தவள் நான். கையெழுத்தும் வைத்தேன். அந்த வாரமே கடிதம் கைக்கு வந்தது. பிறகு வந்த கணக்காய்வாளர் தேநீர் குடித்துக்கொண்டே பத்திரத்தைப் புரட்டி, "நல்ல துப்புரவான வேலை" என்றார். வேலியில் கிடந்த உப்புப் பூத்த சாக்குகளுக்கு எங்களைவிட வெட்கம் இருந்திருக்கும்.

அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடியது. ஒரே நாளில் பன்னிரண்டு மூட்டையை நனைய விட்டவர் என்று சொல்லி, சரக்கேற்றும் வேலையை அந்த வள்ளக்காரரிடமிருந்து பறித்தார்கள். மறுநாள் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"தங்கச்சி, நீர்தானே நிண்டு எண்ணினனீர். என்ர வள்ளத்தில எந்தச் சாக்கு நனைஞ்சது?"

அவருக்குப் பின்னால் முகாமையாளர் பேனாவைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரத்தில இருக்கிறதுதான் அண்ணை எனக்குத் தெரியும்" என்றேன்.